எண்பத்தொன்றாவது கிலோமீட்டரில் யாரும் பயணம் போவதில்லை

காலை ஆறு ஐம்பத்திரண்டு. என் மகள் அபிராமி அனுப்பிய கடைசிச் செய்திக்குக் கீழே அந்த நேரம்தான் இருக்கிறது. "அப்பா, ஃபுல் ஃபாக். முன்னாடி போற வண்டியே தெரியல. செல்வராஜ் அங்கிள் ஸ்லோவாதான் ஓட்டறார். டோன்ட் வொர்ரி." நான் "பத்திரம்" என்று பதில் போட்டேன். அதற்கு ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் அன்று முழுவதும் விழவில்லை.

இது போன ஜனவரியில் நடந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதும்படி வினோத் கேட்டபோது நான் மறுத்துவிட்டேன். வினோத் என்னிடம் வேலைக்குச் சேர்ந்து, இப்போது எனக்குக் கிடைக்காத பதவிகளையெல்லாம் தாண்டிப் போய்விட்டவன். "சார், எங்க பாத்தாலும் புல்லட் ரயில் பேச்சுதான். ஜனமே இல்லாத பாலைவனத்துல இவ்ளோ ஸ்பீடு எதுக்குங்கறான் ஒருத்தன். அதான் எதிர்காலம்ங்கறான் இன்னொருத்தன். இருபத்தெட்டு வருஷம் இதுலயே கெடந்தவர் நீங்க. எழுதுங்க சார்" என்றான். மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். ரயிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் காலைதான் முன்னால் வந்து நிற்கிறது. சரி, இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் ரயில் ஓட்டியவன் அல்ல, தண்டவாளம் போட்டவனும் அல்ல. ஒரு பாதை போட்டால் அதில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். திருச்சியில் சிவில் டிப்ளமா. மூன்று வருஷம் நெடுஞ்சாலைத் துறை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வெயிலில் நின்றேன். பிறகு ஒரு ஏஜெண்ட் மூலம் இந்த வளைகுடா நாட்டில் வந்து இறங்கினேன். போன வருஷம், ஐம்பத்தேழு வயதில், எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். இப்போது பள்ளிக்கூட ஆசிரியையான என் மனைவி சாந்தியின் விசாவில், நகரத்தின் ஓரத்திலுள்ள முசஃபாவில் இருக்கிறேன். "இப்போ நான்தான் உங்க கஃபீல், உங்க ஸ்பான்சர், பாத்து நடந்துக்குங்க" என்று அவள் கேலி செய்வாள்.

என் மேலதிகாரி நாசர் சார். ஜோர்டான்காரர். கையெழுத்துக்குத் தவிர பேனாவைத் தொடமாட்டார். பென்சிலை பிளேடால் சீவி, சீவிய தூளைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். நாங்கள் கொண்டுபோகும் எந்த எண்ணைப் பார்த்தும் "இது சரியா?" என்று கேட்டதே இல்லை. "இதை உனக்கு யார் சொன்னார்கள்?" என்றுதான் கேட்பார். கணினி சொன்னது என்று சொல்லிவிட்டால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சேர்ந்த புதிதில் என்னை நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி எண்ண அனுப்பினார். இரண்டு கையிலும் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவிகள். இடது கட்டைவிரலுக்கு கார், வலதுக்கு பஸ். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணைத் தாளில் எழுதிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். பஸ்ஸில் எத்தனை பேர் என்பதையும் உத்தேசமாக எழுத வேண்டும். தொழிலாளர் பஸ்கள் பலவற்றை நான் காலி என்று எழுதிக்கொண்டு வந்தேன். நாசர் சார் மறுநாள் விடியற்காலையில் என்னை அழைத்துப் போய் அப்படி ஒரு பஸ்ஸை நிறுத்தச் செய்து உள்ளே ஏறச் சொன்னார். ஐம்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் முன் இருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்த தலைகள் ஜன்னலுக்குக் கீழே போய்விட்டதால் வெளியிலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் கீழே இறங்கி, டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் தாளைக் கிழித்துப் போட்டார்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் தவறைச் செய்தேன்.

அபி பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் அது. நகரத்திலிருந்து பாலைவனத்துக்குள் நெடுந்தூரம் போகும் ஒரு பாதைக்கு ஆய்வு செய்தோம். இரண்டு திட்டங்கள் மேஜையில் இருந்தன. ஒன்று அதிவேக ரயில்: இந்த முனையில் ஏறினால் அந்த முனையில்தான் இறங்க முடியும், நடுவில் நிற்காது. இன்னொன்று சாதாரண வேக ரயில்: நடுவில் ஐந்தாறு இடங்களில் நின்று போகும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் வந்து சேரும். வேகமாகப் போகும் ரயிலுக்கு ஒரு நிறுத்தம் என்பது பெரிய இழப்பு. நிற்பதற்கு வெகுதூரம் முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், நின்று கிளம்பினால் பழைய வேகத்தைப் பிடிக்க அதே அளவு தூரம் வேண்டும். ஆகவே நடுவில் யாராவது ஏறுவார்களா, ஏறினால் எத்தனை பேர் என்பதுதான் முழுக் கேள்வியும்.

அந்த நடுவில் ஓர் இடம்தான் எண்பத்தொன்று. ஊர் அல்ல, வரைபடத்தில் பெயரும் இல்லை. எண்பத்தொன்றாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர் கேம்ப்கள், ஒரு மசூதி, ஒரு கிளினிக், இரண்டு பலசரக்குக் கடை. கேம்ப்களில் பெரும்பாலும் நம் ஆட்கள். அரியலூர், பெரம்பலூர், ராமநாதபுரம். அங்கே கேட்க வேண்டிய படிவத்தைத் தமிழில் எழுதியது நான்.

ஆங்கிலக் கேள்வி எளிமையானது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கடைசியாக எப்போது பயணம் செய்தீர்கள்? அப்படியே தமிழில் எழுதினேன். எங்கள் வழக்கப்படி, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொரு தமிழரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. நாசர் சார் பென்சிலால் ஒரு டிக் போட்டார். நான்கு நாள் கேம்ப்களில் உட்கார்ந்து கேட்டோம். விடைகள் ஒரே மாதிரி வந்தன. ரெண்டு வருஷம் ஆச்சு. ஒண்ணரை வருஷம் ஆச்சு. வந்ததிலேர்ந்து இல்ல. கணினியில் ஏற்றியபோது எண்பத்தொன்றுக்கு நேரே ஏறக்குறைய பூஜ்யம் வந்தது. அங்கிருப்பவர்கள் எங்கேயும் போவதில்லை, அவர்களுக்கு ரயிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்.

படிவங்களில் நூற்றுக்கு மூன்றை எடுத்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்பது எங்கள் விதி. அதற்காகத்தான் மறுபடியும் போனேன். கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஃபோர்மேன் என் எதிரே உட்கார்ந்தார். அரியலூர் பக்கம், நாற்பது வயதுக்குள் இருக்கும். பெயர் செல்வராஜ். நான் கேள்வியைப் படித்ததும் பக்கத்து மேஜையைப் பார்த்துச் சிரித்தார்.

"டேய், சார் மறுபடியும் பயணம் எப்பன்னு கேக்குறாருடா. இந்தத் தடவ டிக்கெட்ட கையிலயே கொண்டாந்துருப்பாரு."

கூடமே சிரித்தது. எனக்குப் புரியவில்லை.

"என்ன டிக்கெட்?"

"ஊருக்குப் போற டிக்கெட்தான் சார். போன வாரம் நீங்க வந்து பயணம் எப்ப, பயணம் எப்பன்னு கேட்டீங்கல்ல? கம்பெனி எல்லாருக்கும் லீவு குடுக்கப்போவுதுன்னு இவனுவோ பெட்டி கட்டாத கொறதான். அதான் க்யூவுல அப்படி நின்னானுவோ."

படிவத்தை மூடி வைத்தேன். பிறகு கேட்டேன். "போன லீவு நாள்ல எங்க போனீங்க?"

"முசஃபாவுக்கு."

"எதுக்கு?"

"முடி வெட்ட, ஊர்க்காரனப் பாக்க, பிரியாணி திங்க. வேறெதுக்கு?"

"அது பயணம் இல்லையா?"

"அது வெளிய போறது சார்." சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "காலைல சைட்டுக்குப் போறது ட்யூட்டி. முசஃபா போறது வெளிய. பயணம்னா பாஸ்போர்ட்டு கைக்கு வரணும், ஏர்போர்ட்டு போவணும். அதான் பயணம்."

சைட் எவ்வளவு தூரம் என்றேன். அறுபது கிலோமீட்டர் இருக்கும் என்றார். தினமும் போக அறுபது, வர அறுபது. அத்தனை பேரையும்தான் எங்கேயும் போகாதவர்கள் என்று எழுதி வைத்திருந்தேன்.

எனக்கு அந்தச் சொல் ஏன் தெரியாமல் போனது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். நான் குடும்பத்தோடு இங்கே இருந்தவன். எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதை வெகேஷன் என்போம். தினம் போய் வருவதற்கு எங்களிடம் கார் இருந்தது, பெயர் தேவைப்படவில்லை. ஒரே மொழி பேசுகிறோம் என்ற நம்பிக்கையில் நான் யாரிடமும் கேட்கவில்லை. திருப்பி மொழிபெயர்த்தவரும் என்னைப்போலக் குடும்பத்தோடு இருப்பவர்தான்.

நாசர் சாரிடம் அன்றே சொன்னேன். அவர் பென்சில் சீவி முடிக்கும்வரை நின்றேன்.

"எத்தனை படிவம்?"

"தமிழ்ப் படிவங்கள் எல்லாமே சார்."

"மறுபடி கேட்க?"

"ஆறு வாரம் ஆகும்."

அறிக்கை அடுத்த வியாழக்கிழமை போக வேண்டும். அவர் சீவிய பென்சிலை மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்: "அறிக்கையை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுது. கேள்வியைத் தவறாக எழுதியது நான் என்று உன் பெயர் போட்டு எழுது. நான் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அல்லது ஒரு அடிக்குறிப்பு எழுது. அதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். நாளைக் காலை எதைக் கொண்டுவந்தாலும் சரி."

என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அபிக்குப் பொதுத்தேர்வு. விசா போனால் படிப்பு நடுவில் நின்றுவிடும். நான் காலையில் அடிக்குறிப்பைக் கொண்டுபோனேன். 'தமிழ் பேசுவோரிடம் பெற்ற சில விடைகளில் சொற்பொருள் வேறுபாடு இருக்கக்கூடும்.' நாசர் சார் படித்தார். 'சில' என்ற சொல்லின் மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சொன்னபடி கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றி அவர் என்னிடம் மறுபடி பேசவே இல்லை. அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நடுவில் ஏற ஆள் இல்லாததால் நின்று போகும் ரயில் கைவிடப்பட்டது. அதிவேகப் பாதைதான் சிபாரிசாயிற்று. அது இன்றைக்கும் காகிதத்தில்தான் இருக்கிறது. எங்கள் எண்களை வைத்தே பஸ் தடங்களையும் முடிவு செய்தார்கள். எண்பத்தொன்றுக்கு பஸ் வரவில்லை.

வினோத் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஆள் குறைவான நாட்டில் அதிவேக ரயில் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பெரிய நகரங்கள், நடுவில் வெறும் மணல் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இடிக்க வீடில்லை, வாங்க வயலில்லை. விமானத்துக்கும் காருக்கும் பதிலாக மக்கள் ஏறுவார்கள். ஆனால் நடுவில் வெறும் மணல்தானா என்பதை யாரிடம் கேட்டோம் என்பதுதான் என் கவலை. இங்கே ஆள் இல்லாத இடம் என்று நாம் சொல்லும் பல இடங்களில் ஆள் இருக்கிறார்கள். குடும்பம் இல்லாமல், முகவரி இல்லாமல் இருக்கிறார்கள். வேகத்தை முதலில் தீர்மானித்துவிட்டால் பிறகு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். சரியான எண்களைக் கொடுத்திருந்தாலும் அதிவேகத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்களோ என்னவோ. அந்தச் சந்தேகத்தையே சமாதானமாக வைத்துக்கொண்டுதான் ரொம்ப நாள் தூங்கினேன்.

அபி லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தாள். அவளுக்கு வேலை கிடைத்தது எண்பத்தொன்று கிளினிக்கில். பஸ் இல்லை. இங்கே அதற்கு எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், கார் லிஃப்ட். யாராவது சொந்தக் காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தினமும் போய்வருவார்கள். அனுமதி கிடையாது, பெயர் எங்கேயும் இருக்காது. யாரை நம்பி அனுப்புவது என்று யோசித்தபோது எனக்குச் செல்வராஜின் ஞாபகம் வந்தது. அவர் கேம்ப்பை விட்டு முசஃபாவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். தினமும் எண்பத்தொன்றுக்கு ட்யூட்டிக்குப் போகிறவர், நாலு பேரை ஏற்றிக்கொள்வார். நானே போய்ப் பேசினேன்.

"பாப்பாவ என் தங்கச்சி மவ மாதிரி கொண்டுபோயி கொண்டாந்து விடுறேன் சார். நீங்க எனக்கு டிக்கெட்டு மட்டும் போட்டுக் குடுங்க" என்று சிரித்தார். அந்தக் கேலியை அவர் கடைசிவரை விடவில்லை.

அந்த ஜனவரிக் காலை ஏழரைக்கு அபியின் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. செல்வராஜின் போன் அடித்தது, எடுக்கவில்லை. எட்டு மணிக்கு கிளினிக்கைக் கூப்பிட்டேன். "அபி வரல அங்கிள். ஸ்டாஃப் பாதிப் பேர் வரல. ரோட்ல நெறைய வண்டி மோதிக்கிச்சுன்னு சொல்றாங்க" என்றாள் வரவேற்பிலிருந்த பெண். பால்கனியில் நின்றேன். எதிர்க் கட்டடமே தெரியவில்லை.

டாக்ஸி பிடித்துப் போனேன். முப்பதாவது கிலோமீட்டரில் போலீஸ் சாலையை மூடியிருந்தார்கள். "மாஃபி, மாஃபி", வழி இல்லை என்று கையை அசைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அடிபட்டவர்களைக் கொண்டுபோகும் ஆஸ்பத்திரி எது என்று கேட்டு அங்கே போனேன். வரவேற்பு மேஜையிலிருந்தவர் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். "நாம் நஹி ஹை, பாய். காடி கா நம்பர் போலோ."

பட்டியலில் பெயர் இல்லை, வண்டி நம்பர் வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை. இந்த நாட்டுச் சாலைகளில் இருபத்தெட்டு வருஷம் வண்டி எண்ணியவன் நான். என் மகள் தினமும் ஏறிய வண்டி வெள்ளை நிறம் என்பதற்குமேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "ஒயிட்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு நாற்காலியைக் காட்டினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்ட்ரெச்சர் வரும்போதெல்லாம் எழுந்து பார்த்தேன். பிறகு, ஒருவேளை வீட்டுக்கு வந்திருப்பாளோ என்று தோன்றித் திரும்பினேன்.

சாந்தி பள்ளியிலிருந்து பாதி நாளில் வந்திருந்தாள். அழவில்லை. துடைத்த சமையல் மேடையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லிஸ்ட்ல பேர் இல்ல. இல்லன்னா நல்லதுதான்" என்றேன்.

"அந்த வண்டியில போற யார் பேர் எந்த லிஸ்ட்ல இருக்கு?" என்றாள் திரும்பாமல். "நீங்கதானே பேசி ஏத்தி விட்டீங்க."

பஸ் ஏன் இல்லை என்று அவளுக்கு நான் சொன்னதே கிடையாது. அன்றைக்குச் சொன்னேன். பயணம் என்ற சொல், 'சில' என்ற சொல், ஒப்பந்தம், எல்லாம் சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, போய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். அப்படியே அங்கே நின்றாள். மூடுபனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் எப்போதும்போல வண்டிகள் போயின.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கீழே ஒரு தொழிலாளர் பஸ் வந்து நின்றது. நீல நிற வேலை உடுப்புப் போட்ட ஒருவர் படியேறி வந்தார். முழங்கால்வரை மண், மார்பில் காய்ந்த ரத்தம். அவருக்குப் பின்னால் அபி. இடது கையில் கட்டு. நெற்றியில் ஒரு கீறல். காலில் செருப்பில்லை. சாந்தி அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளே தவிர அணைத்துக்கொள்ளப் பயந்தாள்.

"பாப்பாவுக்கு மணிக்கட்டுலதான் சார் அடி. வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர். "எங்க பஸ்ஸு பின்னாடிதான் வந்துது. நாங்கதான் எறங்கி எல்லாரையும் தூக்குனோம். பாப்பாவோட போனு நசுங்கிருச்சு, உங்க நம்பரும் அப்ப நெனப்பு வரலன்னுச்சு. பாப்பா அப்பவே வந்துருக்கலாம். வரமாட்டேன்னுருச்சு. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு மத்தவங்களுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டே இருந்துச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டி ஓட்டுன அண்ணன் தவறிட்டாரு சார். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்கல."

அபி என் எதிரே வந்து நின்றாள். அவள் கண்கள் காய்ந்திருந்தன.

"அப்பா, செல்வராஜ் அங்கிள் வீட்டு நம்பர் உங்ககிட்ட இருக்கா? ஊர்ல, அவங்க வீட்டு நம்பர். போலீஸ் கேக்கறாங்க. கார்ல வந்த நாலு பேர்ல யார்கிட்டயுமே இல்லப்பா."